ஆறு மணி நேரத் தொலைவு

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, குவைத்தில் வேலை பார்க்கும் தன் கணவனிடம் போகப் போகிறாள். போன மாதம் பேச்சுவாக்கில் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டு ஊர்ப் பெயரை அதில் தட்டினால் போதுமாம். நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஒரு வளைந்த கோடும் போட்டுக் காட்டியது. ஐந்து மணிச் சொச்சம் என்றிருந்தது. மதுரைக்குப் போவதைவிடச் சீக்கிரம் டீச்சர் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? ஒன்றுமில்லை. பாவம் செய்தவள் நான்தான்.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு ஆறு மணி நேரம் என்று இருந்தது. என் தம்பி போட்ட கணக்கு. எழுபதுகளின் கடைசியில் அவன் குவைத்துக்குப் போனான். என்னைவிட ஆறு வயது சின்னவன், வெல்டர். அவன் வேலை பார்த்த மெட்ராஸ் பட்டறை கதவடைத்த பிறகு ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தான். அப்போது எங்கள் ஊர் வடக்குப்பட்டுப் பக்கம் ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். ஒரகடத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவே ஒரே ஒரு கடை. இன்று எங்கள் வாசலில் நின்று கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு கம்பெனி மதில்மேல்தான் விழும். வெல்டர் தேவை என்று கேட்டில் அட்டை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். முப்பது வருஷம் முன்னாலேயே வந்து தொலைத்திருக்கக் கூடாதா இந்தக் கம்பெனிகள்?

அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, நான், அவன், மூன்று பேர்தான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. அம்மாவுக்கு அப்போதே மூச்சு வாங்கும். பத்தடி நடந்தால் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவாள். தம்பி போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் வெறுமனே உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் எந்தத் தாய் போகாதே என்பாள்? புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவனை நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செத்தப்புறம் வந்து என் மூஞ்சப் பாத்து இன்னாடா ஆவப்போவுது? உசுரோட கீறப்ப வருவியா?"

அவன் கையைக் கழுவிவிட்டு வந்தான். என் பள்ளிக்கூட அட்லஸையும் அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஒரு நூலையும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தான். வெல்டர் அல்லவா, எதையும் அளந்து பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. மெட்ராஸில் ஒரு முனையை வைத்து, பம்பாய் வழியாக நூலை இழுத்து, குவைத்தில் விரலால் அழுத்தினான். பிறகு நூலை அட்லஸின் அளவுகோலில் வைத்துப் பார்த்தான். நாலாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை என்றான். மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு இரண்டு மணி, பம்பாயிலிருந்து அங்கே நாலு மணி. மொத்தம் ஆறு. "காலைல டீ குடிச்சிட்டு ஏறினா சாயங்காலம் வூட்ல இருப்பேம்மா. நீ ஒரு வார்த்த சொல்லி அனுப்பு, போதும்."

அம்மா அந்த நூலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லை. அதைச் சுருட்டித் தையல் டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. யாராவது குவைத் ரொம்பத் தூரமாமே என்று விசாரித்தால், ஆறு மணி நேரம்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லுவாள்.

இனி என் பெருமையைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கும் பக்கத்து இரண்டு ஊருக்கும் அப்போது தந்தி எழுதிக் கொடுக்கிறவள் நான். இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேறு இல்லை. வீட்டுக்கு வீடு ஒருத்தன் ராணுவத்திலோ, ரயில்வேயிலோ, பம்பாயில் ஏதாவது மில்லிலோ இருப்பான். இங்கே ஒரு சாவு விழுந்தால் முதலில் என் வாசலுக்கு ஆள் வரும். வந்து நின்று இறந்துவிட்டார் என்று எழுதச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. உடம்பு மோசமாக இருக்கிறது, உடனே புறப்பட்டு வா என்றுதான் எழுதச் சொல்லுவார்கள். இரண்டு நாள் ரயிலில் தனியாக வருகிறவன், வழியில் என்னத்தையாவது செய்துகொள்ளாமல் வந்து சேர வேண்டுமே என்ற கவலை. துக்கத்தை நாலு பேர் சூழ நிற்கும்போது கேட்க வேண்டும், தாளில் படிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அனுப்புகிறவர்களுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். உடம்பு மோசம் என்று தந்தி வந்தால் உயிர் போய்விட்டது என்று பொருள். உண்மையிலேயே உடம்பு மோசமாக இருந்தால் யாரும் தந்தி அடிப்பதில்லை, கார்டு போடுவார்கள்.

அப்படி எத்தனை எழுதியிருப்பேன், கணக்கில்லை. சிங்கப்பெருமாள் கோவில் தபாலாபீசில் தந்தி வாங்கும் குமாஸ்தா ஒருமுறை வாயைத் திறந்தே கேட்டுவிட்டார். "இன்னா டீச்சர், உங்க ஊர்ல சாவே கெடையாதா? எல்லாருக்கும் ஒடம்புதான் மோசமாவுது." நானும் சிரித்தேன். எனக்கு அது ஒரு நல்ல காரியமாகத்தான் தோன்றியது.

அப்பா இறந்தபோது தம்பி திருச்சியில் வெல்டிங் பயிற்சியில் இருந்தான். அவனுக்கும் அதே தந்தியைத்தான் அடித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் அதன் அர்த்தம் தெரியும், அவனுக்குப் பதினெட்டு வயதுதான், தெரியவில்லை. நம்பிவிட்டான். செங்கல்பட்டில் இறங்கி, உடம்பு சரியில்லாத அப்பாவுக்கு என்று ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான். தெருமுனையில் திரும்பியதும் வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். உள்ளே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதும் அந்தப் பை அவன் கையிலேயே இருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தான். "செத்துட்டார்னே எழுதியிருக்கலாமேக்கா. சாத்துக்குடியாவது வாங்காம வந்திருப்பேன்." இனிமேல் இந்த மாதிரித் தந்தி வந்தால் எனக்கு அர்த்தம் தெரியும் என்றும் சொன்னான். நான் தலையாட்டினேன். அவன் அதை மறக்கவில்லை. நான் மறந்துவிட்டேன்.

அவன் குவைத் போன இரண்டாவது வருஷம், ஐப்பசி மழையில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகிவிட்டது. காலெல்லாம் வீங்கிவிட்டது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். வியாழக்கிழமை காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மெதுவாகவே சொன்னார். இதயம் ஓய்ந்துபோய்விட்டது, பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து நாள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. பத்து நாள் என்றதும் ஆறு மணி நேரம்தான் நினைவுக்கு வந்தது. பத்து நாளில் ஆறு மணி நேரம் எம்மாத்திரம்? உசிரோடு இருக்கும்போது வா என்று அம்மா கேட்டாளே, அதைச் செய்து கொடுத்துவிடலாம் என்று ஒருவித உற்சாகம்கூட வந்தது. இன்று எழுதும்போதும் அந்த உற்சாகத்தை நினைத்தால் கூசுகிறது.

வாடகைக் காரில் அம்மாவைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் தபாலாபீஸ் எதிரே மரத்தடியில் காரை நிறுத்தச் சொன்னேன். உள்ளே போய்ப் படிவத்தை வாங்கினேன். எத்தனையோ பேருக்கு எழுதிப் பழகிய கை, யோசிக்கவே இல்லை. அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்பட்டு வா. எழுதி நீட்டினேன். குமாஸ்தா வார்த்தைகளை எண்ணப் போனவர், விலாசத்தில் தம்பி பெயரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"எப்ப டீச்சர்? எப்ப எடுக்குறீங்க?"

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. ஜன்னல் வழியே காரைக் காட்டி, அதோ உட்கார்ந்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள், வாயில் நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், முத்திரையைக் குத்தினார். நான் விருட்டென்று வெளியே வந்துவிட்டேன்.

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். காரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை, எதிரே இருக்கும் குமாஸ்தாவே செத்துவிட்டதாக நினைத்தால், நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன் என்ன நினைப்பான்? பிள்ளைகளுக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது. அபசகுனமாகப் பேசிவிட்டானே என்று வீடு வரும்வரை கறுவிக்கொண்டே வந்தேன். அம்மா, போட்டுவிட்டாயா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அம்மா மணி கேட்க ஆரம்பித்தாள். தந்தி இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்குமா? அங்கே இப்போது மணி என்ன? அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்று சொல்லியிருந்தேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது, "நமக்குத்தான் இருட்டிப்போச்சு, அவனுக்கு இன்னும் பொழுது கீது" என்பாள். அந்த இரண்டரை மணி நேரம் தன் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைத்த நேரம் என்பது அவள் எண்ணம். நான் திருத்தவில்லை.

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களில் சில எங்கள் ஏரிக்கு மேலே தாழ்ந்து போகும். அதுவரை எங்களுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். இப்போது அம்மா கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டும், தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியேதான் இருப்பாள். விமானம் போனால், இது பம்பாயிலிருந்து வருகிறதா என்று கேட்பாள். எனக்கென்ன தெரியும்? ஆமாம் என்பேன். அப்படியானால் தாம்பரம் வர ஒரு மணி, ரயிலுக்கு ஒரு மணி, பஸ்ஸுக்கு அரை மணி என்று விரல் விட்டு எண்ணுவாள். எண்ணிய நேரம் கடந்ததும் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகட்டைப் பார்ப்பாள்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. நானும் எனக்குள் கணக்கை நீட்டிக்கொண்டே போனேன். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கும், அதை வாங்க ஒரு நாள். உத்தரவுக்கு ஒரு நாள். டிக்கெட், பம்பாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது என்று ஆறு மணி நேரம் நாலு நாளாக வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அவன் எப்போது வருகிறான் என்றே கேட்டார்கள். நாளைக்கு என்றேன்.

நாளைக்கு வந்தது தந்திதான். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தந்திச் சேவகர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். வாங்கிப் படித்தேன். நேரத்தில் வந்து சேர முடியாது, எனக்காகக் காத்திருக்க வேண்டாம், கடிதம் பின்னால் வருகிறது என்று இருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. காத்திருக்காமல் என்ன செய்யச் சொல்கிறான்? அம்மா இன்னும் இருக்கிறாளே, காத்திருக்காமல் எப்படி? இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்தக் குமாஸ்தாவின் முகம் கண்முன் வந்தது. திருச்சியிலிருந்து வந்தவன் கையில் இருந்த சாத்துக்குடிப் பை வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே அம்மா, எப்போது வருகிறான் என்று குரல் கொடுத்தாள். நான் உள்ளே போய், உத்தரவு கிடைக்கக் கொஞ்சம் தாமதமாம், கிளம்பிவிடுவானாம் என்றேன். என் தப்பை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வெட்கம். பெற்ற தாயை உயிரோடு இருக்கும்போதே சாகடித்துவிட்டு வந்து, அதை அவளிடமே எப்படிச் சொல்வது?

பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஓடினேன். அம்மா உயிரோடு இருக்கிறார், உன்னைக் கேட்கிறார், உடனே வா என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா படித்துவிட்டு வார்த்தைகளை எண்ணி முடித்தார். பிறகு, "இந்த மாதிரி ஒரு தந்திய நான் அனுப்பினதே இல்ல டீச்சர்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

அங்கே நடந்ததைத் தம்பி பிற்பாடு சொன்னான். முதல் தந்தி போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை நாள். சனிக்கிழமை காலையில்தான் அவன் கைக்கு வந்தது. படித்ததும் தங்கியிருந்த தொழிலாளர் முகாமில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். மேனேஜரிடம் போய் அம்மா இறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்று அவர் கேட்க, முடியாது என்று இவனே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறான். இரண்டு நாள் துக்க லீவு கொடுத்தார்களாம். புதன்கிழமை என் இரண்டாவது தந்தியை எடுத்துக்கொண்டு போய் நின்றபோது, போன வாரம் செத்த அம்மா இந்த வாரம் எப்படிப் பிழைத்தாள் என்று மேனேஜர் கேட்டாராம். இவன் எங்கள் ஊர் வழக்கத்தை அவருக்கு விளக்கப் பார்த்திருக்கிறான். எந்த ஊர் மேனேஜருக்கு அது புரியும்? ஊருக்குப் போகப் பொய் சொல்கிறான் என்று பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை கெஞ்சினானாம்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. சனிக்கிழமை அவனுடைய கடிதம் வந்தது, முதல் தந்தியைப் பார்த்த அன்றே எழுதியது. நீலநிற ஏர்மெயில் தாள், உள்பக்கம் முழுக்க நிரம்பி, ஓரத்திலும் சுற்றி எழுதியிருந்தான். தபால்காரர் நேராக அம்மாவின் ஜன்னலிலேயே கொடுத்துவிட்டார். ஒளித்து வைக்க வழியில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, படி என்றாள்.

பிரித்தேன். தந்தியைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன் அக்கா என்று ஆரம்பித்திருந்தான். இப்போதே புறப்பட்டாலும் வந்து நிற்க ஐந்து நாள் ஆகும், அதற்குள் மண் காய்ந்திருக்கும் என்று எழுதியிருந்தான். உயிரோடு இருக்கும்போது வா என்றுதான் அம்மா கேட்டார்கள், அது என்னால் முடியாமல் போய்விட்டது, செத்தபிறகு முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவர்களே சொன்னார்கள், அதனால் வரவில்லை என்று எழுதியிருந்தான். அம்மா கடைசியில் என்னைக் கேட்டார்களா, ஏதாவது சொன்னார்களா, ஒரு வரி விடாமல் எழுது என்று முடித்திருந்தான். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நலம், நீங்கள் நலமா, அம்மாவுக்கு மருந்து ஒழுங்காகக் கொடு, சீக்கிரம் வருகிறேன் என்று தாளைப் பார்த்தபடி சொன்னேன். சொல்லி முடித்து மடிக்கப் போனேன். அம்மா கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் சுற்றி எழுதியிருந்ததையும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்மா நீளமா எழுதிக்கிறான். நீ நாலு வார்த்ததானே படிச்ச."

அவள் மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டாள். தந்தியில் என்னவென்று எழுதினாய் என்றாள். உடம்பு மோசம், உடனே வா என்று எழுதினேன் என்றேன். அவள் கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"உங்கப்பன் செத்தப்பவும் அதானேடி எழுதின."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னைத் திட்டுவாள், ஒரு அறையாவது விடுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் என் தலையில் கையை வைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, "புள்ள அங்க தனியா அழுதுகினு கீறானே" என்றாள். தான் சாகப்போவதைப் பற்றி அவள் அன்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தான் செத்துவிட்டதாக நினைத்து அழும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லையே என்றுதான் கவலைப்பட்டாள். இரண்டாவது தந்தி அடித்திருக்கிறேன் அம்மா, வந்துவிடுவான், ஆறு மணி நேரம்தானே என்றேன். அன்றிலிருந்து அவள் மணி கேட்கவில்லை. ஏரிக்கு மேலே விமானம் போனால் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அம்மா போய்விட்டாள். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. அங்கே அவனுக்கு மணி எட்டரை. முந்தின நாள்தான் பாஸ்போர்ட் கிடைத்தது, அந்நேரம் விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருந்தேன் என்று பின்னால் சொன்னான்.

போதகர் வந்து, தம்பி வருகிறானா, ஒரு நாள் வைத்திருந்து பார்க்கலாமா என்று கேட்டார். ஐஸ் வேண்டுமானால் தாம்பரம்தான் போக வேண்டும். அவன் புறப்பட்டானா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தந்தி கொடுக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். என்னவென்று எழுதுவது? இறந்துவிட்டாள் என்று எழுதினால் அவன் நம்புவானா? உடம்பு மோசம் என்று எழுதினால் என்னவென்று புரிந்துகொள்வான்? எல்லா வார்த்தையையும் நானே கெடுத்து வைத்திருந்தேன். காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

மறுநாள் புதன்கிழமை, மூன்று மணி இருக்கும். அம்மாவின் கட்டிலைக் கழுவி, வாசல் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வெயிலில் வைத்திருந்தேன். திண்டு தலையணையெல்லாம் எரித்தாகிவிட்டது. படியில் உட்கார்ந்திருந்தவள் தலை நிமிர்ந்தபோது தம்பி தெருவில் நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்போது என்றான். திங்கட்கிழமை என்றேன். நேற்று முழுக்க பம்பாயில் சீட்டுக்காக உட்கார்ந்திருந்தானாம். என் முதல் தந்தி போன நாளிலிருந்து அம்மா எத்தனை நாள் இருந்தாள் என்று கேட்டான். பதினோரு நாள் என்றேன். அவன் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது.

"போக ஆறு, வர ஆறு. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி. பதினோரு நாள்ல இருபத்திரண்டு வாட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்கலாம்க்கா."

என்மேல் கோபம் இல்லை அந்தக் குரலில். நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்துச் சொன்னானே, அதே குரல்தான். விமானம் சொன்ன நேரத்துக்குச் சரியாகத்தான் பறந்ததாம், ஆறு மணி நேரம்கூட ஆகவில்லையாம். அதையும் சொன்னான்.

அவன் இடது கையில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு மணிக்கட்டில் அழுந்திச் சிவந்திருந்தது, அதைக் கழற்றவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. நான்தான் மெதுவாகக் கழற்றினேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வாங்கினானாம், ஒரு டஜன் சாத்துக்குடி.

"இந்த வாட்டி உயிரோட இருக்காங்கன்னு எழுதியிருந்தியேக்கா. அதான் வாங்கினேன்."